கல்யாண வேலைக்கு ஃபூஜி கேமரா தாங்குமா?

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். "அண்ணே, கல்யாண வேலைக்கு ஃபூஜி தாங்குமா?" கலரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஃபூஜியின் கிளாசிக் குரோம் என்கிற கலர் ஸ்டைலில் மயங்கி, பாதி முடிவு செய்துவிட்டுத்தான் போன் போடுவார்கள்.

தாங்கும். எந்த ஃபூஜி என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

2022-ல் வந்த எக்ஸ்-டி5, 2024-ல் வந்த எக்ஸ்-டி50 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே 40 மெகாபிக்சல் சென்சார். ஒரே லென்ஸைப் போட்டு எடுத்துக் காட்டினால் எது எதில் எடுத்தது என்று எனக்கே தெரியாது. விலையும் எடையும் குறைவு என்று டி50-ஐ வாங்கி வந்துவிடுவார்கள். அதில் கார்டு ஸ்லாட் ஒன்றுதான். பேட்டரியும் பழைய சின்ன ரகம், கம்பெனிக் கணக்கிலேயே சுமார் 300 படம்தான். டி5-க்கு இரண்டு ஸ்லாட், 580 படம் வரை தாங்கும் பேட்டரி, தூறலுக்கும் தூசிக்கும் தாக்குப்பிடிக்கிற பாடி.

ஒரு ஸ்லாட் போதாதா? சில வருஷங்களுக்கு முன் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் குனிகிறார். இரண்டு கார்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைத்துக்கொண்டு, விரலை எடுக்காமல் அமுக்கினேன். பந்திக்கு முன்னால் லேப்டாப்பில் கார்டைச் செருகினால், ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது! கேமராவைத் திறந்து இரண்டாவது கார்டை எடுக்கும்போது கை நடுங்கியது. முடிச்சு மூன்றும் அதில் இருந்தன. அன்றைக்குப் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

இருட்டுக்கு வருவோம். லென்ஸ் மாற்றக்கூடிய ஃபூஜி எக்ஸ் வரிசை முழுக்க ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஃபுல்ஃபிரேம் (35 எம்எம் பிலிம் அளவு) சென்சாரைவிடச் சின்னது. ஃபுல்ஃபிரேமோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் நஷ்டம், அதாவது பாதி வெளிச்சம் போன மாதிரி. 56 எம்எம் எஃப்1.2 லென்ஸில் கிடைக்கும் பேக்ரவுண்ட் பிளர், ஃபுல்ஃபிரேமில் 85 எம்எம் எஃப்1.8 தருகிற அளவுதான். வீடியோ லைட் கண்ணைக் கூசும் மண்டபத்தில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. விடியற்காலை கோயில் கல்யாணம், லைட் போடக் கூடாது என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400-ல் பட்டுப்புடவையின் நிழல் பகுதி சொரசொரக்கும். அந்த மாதிரி வேலை நிறைய வருகிறவர் ஃபுல்ஃபிரேம் பக்கம் போவதே நல்லது. (ஃபூஜியில் ஃபுல்ஃபிரேமே கிடையாது. 2017-ல் ஜிஎஃப்எக்ஸ் வரிசை மூலம் நேராக, அதைவிடப் பெரிய சென்சாரான மீடியம் ஃபார்மட்டுக்குத் தாவிவிட்டார்கள். அது நகை விளம்பரக்காரர்களுக்கு.)

டி5-க்கு முந்தைய டி4-க்கு, கூடுதல் பேட்டரி வைக்கும் பேட்டரி கிரிப்பை அடியில் மாட்டலாம், டி5-ல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பையில் மூன்று பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் வாடகைக் கடையில் எந்தக் கம்பெனி மவுன்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம்) லென்ஸ் இருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் ராத்திரி லென்ஸ் கீழே விழுந்தால் அங்கேதான் ஓட வேண்டும். கூட வரும் பையன் சோனிக்காரன் என்றால் அவன் லென்ஸ் உங்கள் பாடியில் உட்காராது. எங்கள் ஊர்க் கடையில் ஃபூஜி லென்ஸ் இரண்டு வந்து சேரும்வரை நான் டி5 வாங்கவே இல்லை.