இம்பூறல் வேர் எப்படிச் சிவக்கிறது?

மண்டபத்துக்கு அருகே கடற்கரை மணலில் பிடுங்கிய இம்பூறல் வேரைக் கொதிக்கவைத்து அதில் பருத்தித் துண்டு ஒன்றை ஊறவைத்ததாகவும், வெளிறிய மஞ்சளாக ஏறிய நிறம் இரண்டு சலவையிலேயே போய்விட்டதாகவும் எழுதிய இராமநாதபுரம் வாசகி ஒருவர், சாயவேர் என்று பெயர் பெற்ற செடி இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். வேரில் குறையில்லை, துணியை முதலில் படிகாரத்தில் நனைக்காததுதான் குறை.

இம்பூறல், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. அதன் மெல்லிய, நீண்ட வேரின் தோலை நகத்தால் கீறினால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் தெரியும். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் சிவக்கும். அந்த நிறத்துக்குக் காரணமான அலிசாரின் தண்ணீரில் அரிதாகவே கரையும். பருத்தி இழையில் தானாக ஒட்டி நிற்காது.

அதை ஒட்டவைப்பது படிகாரத்திலுள்ள அலுமினியம். கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்திய துணியில் படிகாரம் ஏறும்போது, கடுக்காயின் துவர்ப்பைத் தரும் டானின் அலுமினியத்தை இழையோடு பிணைத்துவிடுகிறது. பிறகு அந்தத் துணி வேர்ச்சாற்றில் கொதிக்கையில், அலிசாரின் மூலக்கூறு தன் விளிம்பில் அடுத்தடுத்து நிற்கும் ஆக்சிஜன் அணுக்களால், நண்டு இரையைக் கவ்வுவதுபோல், அலுமினியத்தைக் கவ்விக்கொள்கிறது. வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்றே பெயர். இந்தப் பிடியில் எலக்ட்ரான்களின் பரவல் மாறுவதால், நீல ஒளியை விழுங்கிக்கொண்டிருந்த மூலக்கூறு பச்சை ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. மஞ்சள் மறைந்து சிவப்பு எழுகிறது. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு இருந்தால் அதே வேர் கருஊதா தரும். படிகாரத்தால் கோலம் வரைந்து சாயத்தில் முக்கினால் கோலம் மட்டும் நிலைத்துச் சிவக்கும். மற்ற இடங்களில் படிந்த சாயம் துவைத்து வெயிலில் காயக் காய வெளுத்துவிடும்.

இந்தச் சேர்க்கையில் கால்சியமும் நுழைந்தால்தான் சிவப்பு செறிவடையும். மன்னார் வளைகுடாக் கரை மணலில் கலந்து கிடக்கும் சிப்பியும் பவளத் துணுக்கும் கால்சியம் கார்பனேட்தான்; அந்த மணலில் ஊறும் தண்ணீரில் அந்தக் கால்சியம் சிறிது கரைந்து வரும். பழைய சாயக்காரர்கள் தண்ணீரைத் தேர்ந்து பயன்படுத்தியதைக் கைராசி என்றும் தெய்வ அருள் என்றும் சொல்லி முடித்துவிடுவது, அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கண்டறிந்த அறிவை மறைப்பதாகும் என்பது என் உறுதியான எண்ணம். 1868-ல் ஜெர்மன் வேதியியலாளர்களான கிரேபேயும் லீபர்மனும் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீனிலிருந்து அலிசாரினைச் செயற்கையாக உருவாக்கியபின், வேர் தோண்டும் தொழில் மெல்ல ஓய்ந்தது.

வாசகி மறுமுறை துண்டைக் கடுக்காய் நீரிலும் படிகார நீரிலும் தனித்தனியே நனைத்து உலர்த்திய பின், வேர்ச்சாற்றில் ஒரு சிட்டிகை சிப்பித் தூளைப் போட்டு மெல்லச் சூடேற்றிப் பார்க்கட்டும்.