சுவர் பூசுவதற்கு முன்னால் முடிவாகும் ஸ்மார்ட் வீடு

புது வீடு கட்டுகிறவர்கள் ஸ்மார்ட் ஹோம் பற்றிப் பேச வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த கம்பெனி சுவிட்ச் வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: சுவர் பூசியாகிவிட்டதா? இன்னும் இல்லையென்றால் கம்பெனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எலக்ட்ரீஷியனோடு உட்காருங்கள். சுவருக்கு வெளியே மாட்டுகிற எதையும் அரை மணி நேரத்தில் கழற்றி மாற்றிவிட முடியும், உள்ளே போன வயரை மாற்றத்தான் சுவரைக் கொத்த வேண்டும்.

அந்த வயர்களில் முக்கியமானது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர். சாதாரண சுவிட்சுக்கு அது தேவையே இல்லை. மின்சாரத்தைக் கொண்டு வரும் ஃபேஸ் வயர் சுவிட்சுக்குள் வந்து, அங்கிருந்து பல்புக்குப் போகும். நியூட்ரல் நேராகப் பல்புக்கே போய்விடும். அதனால் பல வீடுகளில் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால் நியூட்ரல் இருக்காது. ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியில்லை. அதற்குள் ஒரு குட்டி ரேடியோவும் சிப்பும் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும், விளக்கு அணைந்திருக்கும்போதும்கூட. அதற்கான மின்சாரம் சுற்றிவர முழுப் பாதை வேண்டும், அந்தப் பாதையின் மறுமுனைதான் நியூட்ரல்.

நியூட்ரல் இல்லாமலே ஓடும் சுவிட்சுகளும் கிடைக்கின்றன. அவை விளக்கு அணைந்திருக்கும்போதும் பல்பு வழியாகவே துளி மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர்வாழ்கின்றன. பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி தெரியவே தெரியாது. எல்இடி பல்புக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறதே, கசிவு அதில் சொட்டுச் சொட்டாகச் சேரும், போதுமான அளவு சேர்ந்ததும் பல்பு ஒரு கணம் மின்னி அணையும், மறுபடி சேரும். இதை என் படுக்கையறையிலேயே பார்த்தேன்: விளக்கை அணைத்துப் படுத்தால் சில விநாடிகளுக்கு ஒருமுறை கூரையில் ஒரு மங்கலான பளிச். பல்பு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு பல்பு மாற்றிய பிறகுதான் காரணம் புரிந்தது. பல்புக்கு இணையாக பைபாஸ் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் கட்டும்போதே சுவிட்ச் பாக்ஸ் வரை ஒரு வயர் கூடுதலாக இழுத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் இல்லாத இடத்தில் எர்த் வயரை அதற்குப் பதிலாக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது, அது உயிருக்கு ஆபத்து. இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்குவதும் தப்பு. ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இருக்கிறதா என்றுதான் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) பார்த்துக்கொண்டே இருக்கிறது, கணக்கு இடித்தால் டிரிப் ஆகும்.

நியூட்ரலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்மார்ட் கருவிகள் வயர் இல்லாமல் பேசிக்கொள்ளும் ஜிக்பீ, த்ரெட் போன்ற ரேடியோ வகைகள் மெஷ் முறையில் இயங்குபவை, அதாவது ஒரு கருவி அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் கருவிகள்தான் இந்த வேலையைச் செய்யும், பேட்டரியில் ஓடுபவை தூங்கித் தூங்கி விழிப்பதால் செய்யாது. நியூட்ரல் இல்லாத சுவிட்சுகளும் பெரும்பாலும் செய்வதில்லை. ஆக ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸிலும் நியூட்ரல் இருந்தால் வீட்டின் மெஷ் தானாகவே வலுவாகிவிடும். பாக்ஸையும் கொஞ்சம் ஆழமானதாக வாங்கச் சொல்லுங்கள், சுவிட்சுக்குப் பின்புறம் ரிலே (விளக்கை இயக்கி அணைக்கும் குட்டிக் கருவி) வைக்க இடம் வேண்டும்.

அடுத்து நெட்வொர்க். வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன (வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு, அது சுவரைத் தாண்ட இன்னும் திணறும்). கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது சிக்னல் நன்றாகவே இளைத்துவிடும். மூலையில் இருக்கும் ஒரே ரவுட்டர் மாடி வரை எட்டும் என்று நம்பிக்கொண்டிருக்காமல், மாடிக்கு ஒரு இடமாவது கூரை வரை கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். ஒரே கேபிளில் டேட்டாவும் மின்சாரமும் போகும் ஏற்பாடு 2003 முதலே தரப்படுத்தப்பட்டது, அந்த முதல் தரத்திலேயே ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், தூரம் 100 மீட்டர் வரை. கேமராவுக்கும் வைஃபை பாயிண்டுக்கும் தனியாக பிளக் தேட வேண்டாம். இப்போது கேபிள் வேண்டாம் என்று தோன்றும் இடத்தில்கூட காலி பைப் பதித்து உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டுவைத்தால் போதும், பிறகு வேண்டுமானால் அதில் கேபிளைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

சென்சாருக்கும் வயரா என்று கேட்பார்கள். சாதாரண மோஷன் சென்சார் உடம்பின் வெப்பக் கதிர் நகர்வதைத்தான் பிடிக்கிறது, நீங்கள் அசையாமல் புத்தகம் படித்தால் ஆள் இல்லை என்று முடிவு கட்டி விளக்கை அணைத்துவிடும். ரேடார் வகை சென்சார் மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடக் கவனிக்கும், ஆனால் மின்சாரம் அதிகம் கேட்கும். 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 220 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு பொத்தான் பேட்டரி நாலரை மணி நேரம்கூடத் தாங்காது. உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையின் கூரையில் ஒரு மின் இணைப்பு விட்டுவைப்பது அதற்காகத்தான்.

சரி, பணம். மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு கருவிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் கடைசியில் வயருக்குத்தான் கை வைப்பார்கள், அதனால் வரிசையைத் திருப்புங்கள். அறை அறையாக நடந்து எத்தனை விளக்கு, ஃபேன், திரைச்சீலை, சென்சார் என்று எண்ணி, சுவருக்குள் போக வேண்டியதற்கான பணத்தை முதலில் முழுசாக ஒதுக்குங்கள், பிறகு நெட்வொர்க்குக்கு. மிச்சத்தில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் கருவி வாங்கி சில மாதம் வாழ்ந்து பாருங்கள், உங்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். தொடர் செலவும் உண்டு. ஒரு சுவிட்ச் சும்மா இருக்க அரை வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 4.4 யூனிட், நாற்பது சுவிட்சுக்கு 175 யூனிட். பேட்டரி மாற்றுவது, மாதச் சந்தா எல்லாம் தனி.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள்: இணையத்தைத் துண்டித்துவிட்டு, வீட்டு வைஃபையில் இருக்கும் போனிலிருந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரியவில்லையென்றால் அந்தக் கருவி எங்கோ இருக்கும் சர்வரை நம்பி வாழ்கிறது, அது மூடப்பட்டால் உங்கள் சுவிட்சும் போச்சு. 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தரம் வீட்டுக்குள்ளேயே கருவிகள் பேசிக்கொள்ள வழி செய்கிறது, கம்பெனி மாறினாலும் ஒன்றோடொன்று சேரும். நான் இப்போது முதலில் பார்ப்பது அந்த முத்திரையைத்தான்.

அப்புறம், பூச்சு தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை ஒவ்வொரு சுவர் ஓரமும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு பைப் போகும் பாதையைப் படம் எடுத்து வையுங்கள். பல வருடம் கழித்து ஆணி அடிக்க டிரில்லைக் கையில் எடுக்கும்போது தேடப்போவது அந்தப் படங்களைத்தான்.