கிரிசாலிஸ்: பொன்னும் கூடும்

முட்டை, குடம்பி (இலை தின்னும் புழு) ஆகிய இரண்டு பருவங்களைக் கடந்த வண்ணத்துப்பூச்சி, இறகுள்ள நிறைவுடலி ஆவதற்கு முன் உண்ணாமல், நகராமல் இருக்கும் பருவமே கிரிசாலிஸ். நமது பாடநூல்கள் இதைக் கூட்டுப்புழு என்கின்றன. பியூப்பா என்ற சொல்லும் இதையே குறிக்கும். ஆனால் ஈ, வண்டு, குளவி, அந்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் அது பொது. கிரிசாலிஸ் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிக்கே வழங்கும்.

பியூப்பா இலத்தீனில் பொம்மையையும் சிறுமியையும் குறிக்கும். பூச்சியியலில் அதை நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். கிரிசாலிஸ் அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்தில் கிரிசோஸ் என்றால் பொன். அந்த அடியில் பிறந்த சொல்லை அரிஸ்டாட்டிலே தமது விலங்கியல் நூலில் ஆண்டிருக்கிறார். இலத்தீனிலும் பொன்னைக் கொண்டே அவுரேலியா என்று பெயரிட்டார்கள்.

பொன் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. மட்டக்களப்பில் கோயில் வீதியிலோ வளவிலோ நிற்கும் அலரியின் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். யூப்ளியா கோர் என்ற கறுப்புக்கபில வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பளபளவென்று, பார்ப்பவர் முகம் தெரியும் அளவுக்கு மின்னிக்கொண்டு தொங்கும். அதில் பொன்னும் இல்லை, பொன்னிறச் சாயமும் இல்லை. தோலுக்குள் நீர் செறிந்த மெல்லிய படைகள் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால்தான் இந்த மினுக்கம். பூச்சி வெளியேறியதும் படைகள் உலர்ந்து மினுக்கம் போய்விடும். மிஞ்சுவது கண்ணாடித்தாள் போன்ற வெறும் கோது.

எல்லா இனத்துக்கும் இந்த மினுக்கம் கிடையாது. ஆடுதீண்டாப்பாளைக் கொடியில் வளரும் பாக்லியோப்டா ஹெக்டர் என்ற வண்ணத்துப்பூச்சி, கறுப்பு இறகும் சிவந்த உடலும் கொண்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பற்றைகளில் அடிக்கடி தென்படும். அதன் கூட்டுப்புழுவைச் சருகு என்று நினைத்துக் கடந்துபோவோம். எனவே 'பொற்புழு' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்குவது பொருந்தாது.

கூட்டுப்புழு என்ற சொல் மட்டும் சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டுப்பூச்சி நூலால் கூடு பின்னி அதற்குள் கிடக்கும். வண்ணத்துப்பூச்சி இனங்களில் மிகப் பெரும்பாலானவை அப்படிக் கூடு பின்னுவதில்லை. கூட்டுப்புழு வெற்றுடலாகத் தொங்கும். ஆகவே கூடு இல்லாததைக் கூட்டுப்புழு என்பதேன் என்கிறார்கள். ஆனால் தமிழில் கூடு என்பது குருவிக்கூடு மட்டுமல்லவே. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்கிறபோது கூடு என்பது உடம்பு. அந்தப் பொருளில் இந்தச் சொல் கச்சிதமாகவே நிற்கிறது, மாற்ற வேண்டியதில்லை. நூலால் பின்னிய உறையை, அதாவது கொக்கூனை, பட்டுக்கூடு என்று தனியே எழுதினால் குழப்பம் தீரும்.

வகைப்பாட்டுக்கும் கூட்டுப்புழு உதவும். அது எப்படித் தொற்றியிருக்கிறது என்று பாருங்கள். வால்நுனியில் உள்ள கொளுக்கித் தொகுதிக்குக் கிரெமாஸ்டர் என்று பெயர். தொங்கவிடுவது என்று பொருள். இதை மட்டும் பற்றித் தலைகீழாகத் தொங்கினால் அநேகமாக நிம்பலிடே குடும்பம். வால் கீழே பட்டுத்திட்டில் கொளுவி நிற்க, நடுவுடம்பை ஒரு பட்டிழைக் கச்சை தாங்கினால் பபிலியோனிடே, பியெரிடே முதலிய குடும்பங்கள். தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் கிடைப்பவை கச்சை கட்டியவையே. இலங்கைக்கு மட்டுமே உரிய, நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ட்ரொய்டீஸ் டார்சியஸும் பபிலியோனிடேதான், அதற்கும் கச்சை உண்டு. அது ஈரவலயத்திலும் மலைநாட்டிலுமே அதிகம். அதன் குடம்பிக்கும் ஆடுதீண்டாப்பாளை வகையே உணவு. பக்கத்தில் சரிந்து செல்லும் வெளிறிய பட்டியால் ஹெக்டர் குடம்பியிலிருந்து பிரித்தறியலாம். ட்ரொய்டீஸ் இனங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் உள்ளன. கண்டால் படம் எடுங்கள், கொப்பை முறிக்காதீர்கள்.

வளவில் காற்றுக்கு விழுந்த சாதாரண இனத்தின் கூட்டுப்புழுவைக் காப்பாற்றலாம். தோலுரித்த முதல் நாள் உடம்பு மென்மையாக இருக்கும், தொடக்கூடாது. இறுகிய பின், வால்நுனியில் ஒட்டியிருக்கும் பட்டிழையில் மட்டும் தையல் நூலை முடிந்து குச்சியில் தொங்கவிடுங்கள். இழையே இல்லாவிட்டால், நிறுத்திவைத்த கிடுகின் அடியில் மெல்லிய கடதாசி விரித்து அதன்மேல் கிடத்துங்கள். சொரசொரப்பான பிடி வேண்டும். வெளிவரும் பூச்சி மேலே ஏறி இறகைக் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக் போத்தலுக்குள் வைத்தால் அது சறுக்கி விழும், இறகு மடங்கியபடியே உலர்ந்துவிடும், பிறகு நிமிராது. பூச்சி வெளிவந்ததும் சொட்டும் செந்நிறத் திரவம் இரத்தமல்ல, உருமாற்றத்தில் சேர்ந்த கழிவு.

கூட்டுப்புழு கறுத்தால் செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். வெளிவருவதற்கு முதல்நாள் இறகின் நிறம் தோலூடாகத் தெரியும், அதனாலும் கறுக்கும். முழுதும் கறுத்து, தொய்ந்து, நாற்றம் வந்தால்தான் இறந்தது. பக்கத்தில் சிறிய வட்டத் துளை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி தின்று வெளியேறிவிட்டது. வெள்ளைப் பிசின் இழை தொங்கினால் தாக்கினிட் என்ற ஒட்டுண்ணி ஈயின் புழு இறங்கிப் போயிருக்கிறது. அதைப் பார்த்தால் அதே செடியிலுள்ள மற்றக் குடம்பிகளையும் சோதியுங்கள். அந்த ஈ அவற்றிலும் முட்டையிட்டிருக்கக்கூடும்.