எரியாத கரிக்கு ஒரு விலை

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்டனும் கூட்டாக நடத்திய நீராவி எஞ்சின் தொழிலில், முதல் இருபது ஆண்டுகள் அவர்கள் முழு எஞ்சினைச் செய்து விற்றதே கிடையாது. சுரங்க முதலாளி ஒருவர் தண்ணீர் இறைக்க எஞ்சின் வேண்டும் என்று வந்தால் வரைபடம் கொடுப்பார்கள். வால்வு மாதிரி நுணுக்கமான பாகங்களைத் தங்கள் பட்டறையில் செய்து அனுப்புவார்கள். பூட்டிக் கொடுக்க ஒரு ஆளும் போவார். சிலிண்டரை இரும்பு வார்ப்பவரிடமிருந்து முதலாளியே வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் நிற்கும் கட்டடம், மரவேலை, பாய்லர் எல்லாம் அவர் செலவு. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் வருடாவருடம் அவர் ஒரு தொகை கட்டிவர வேண்டும். எரியாமல் மிச்சமான நிலக்கரிக்கான கட்டணம் அது.

இப்படியொரு வியாபாரம் ஏன் தேவைப்பட்டது, அது ஏன் அத்தனை சண்டைகளில் போய் முடிந்தது என்று புரிய, முதலில் அந்தக் கரி எப்படி மிச்சமானது என்று பார்க்க வேண்டும்.

வாட்டுக்கு முன்பே நீராவி எஞ்சின் இருந்தது. டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த தாமஸ் நியூகோமன் 1712-இல் டட்லி கோட்டை அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். நின்ற நிலையில் ஒரு பெரிய சிலிண்டர், அதற்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன். பிஸ்டன் மேலே போகும்போது கீழே நீராவி நிரம்பும். நிரம்பியதும் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சட்டென்று தண்ணீராகிச் சுருங்கும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். மேலே இருக்கும் பெரிய உத்தரத்தின் ஒரு முனை பிஸ்டனோடு இறங்க, மறுமுனை சுரங்கத்துக்குள் தொங்கும் பம்புத் தண்டைத் தூக்கும். ஆக, உண்மையில் வேலை செய்தது காற்றின் எடை. நீராவியின் பங்கு, வந்து இடத்தை நிரப்பிவிட்டு மறைந்துபோவதுதான்.

இதில் ஒரு பெரிய ஓட்டை. தண்ணீர் பீய்ச்சும்போது நீராவியோடு சிலிண்டரின் கனத்த இரும்புச் சுவரும் குளிர்ந்துவிடும். அடுத்த முறை வரும் நீராவியில் பெரும்பகுதி அந்தச் சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே செலவாகும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இதே கதை. கரி தோண்டும் சுரங்கத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. விலைபோகாத தூள் கரி வாசலிலேயே குவிந்து கிடக்கும், அள்ளிப் போட்டால் ஆயிற்று.

1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கருவிப் பட்டறையில் இருந்த வாட்டிடம் ஒரு சிறிய நியூகோமன் மாதிரி எஞ்சின் பழுதுபார்க்க வந்தது. சில அடிகள் அடித்ததும் நீராவி தீர்ந்து அது நின்றுவிடும். சிறிய சிலிண்டரில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அதிகம். அதனால் பெரிய எஞ்சினில் மறைந்து கிடந்த நஷ்டம் இதில் அப்பட்டமாகத் தெரிந்தது. வாட் அளந்து பார்த்தார். நீராவி தன் எடையைப் போல் ஆறு மடங்கு குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு திகைத்தார். அது நீராவிக்குள் பதுங்கியிருக்கும் உள்ளுறை வெப்பம் என்று அவருக்கு விளக்கியவர் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக். 1765-இல் வாட்டுக்கு வழி தெரிந்தது. நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்து, அதைச் சிலிண்டரோடு குழாயால் இணைத்துவிடலாம். அந்தப் பாத்திரம் எப்போதும் குளிராக இருக்கட்டும், சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கட்டும். பாத்திரத்தில் சேரும் தண்ணீரையும் காற்றையும் ஒரு சின்ன பம்பு இழுத்து வெளியேற்றும்.

யோசனை பிறந்தது 1765-இல். வாடிக்கையாளரிடம் முதல் எஞ்சின் ஓடியது 1776-இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளைப் பெரும்பாலான பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி அதுதான்.

வாட்டின் முதல் கூட்டாளி ஜான் ரோபக். மருத்துவம் படித்தவர், கந்தக அமிலத்தை ஈய அறைகளில் மலிவாகத் தயாரிக்கும் முறையைக் கொண்டுவந்தவர், ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். போனெஸ் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது, பழைய எஞ்சின்களால் இறைத்து மாளவில்லை. வாட்டின் எஞ்சின் தன் சுரங்கத்தைக் காப்பாற்றும் என்று நம்பி, அவருடைய 1,000 பவுண்டு கடனை ஏற்றுக்கொண்டார். பதிலுக்குக் காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. 1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. கின்னீல் மாளிகை அருகே சோதனை எஞ்சினும் கட்டினார்கள். அது சரியாக ஓடவில்லை.

ஓடாததற்குக் காரணம் சிலிண்டர். நியூகோமன் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தால் கவலையில்லை, பிஸ்டன் மேல் கொஞ்சம் தண்ணீர் தேக்கிவைத்தால் அடைத்துக்கொள்ளும். வாட்டால் அதைச் செய்ய முடியாது. தண்ணீர் பட்டால் சிலிண்டர் குளிர்ந்துவிடும், செய்த கண்டுபிடிப்பே வீண். அவருக்குச் சுத்தமான வட்டத்தில், சந்து இல்லாமல் கடைந்த சிலிண்டர் வேண்டும். அன்றைய வார்ப்பாலைகளில் அதைச் செய்துதர ஆள் இல்லை. பெரிய பொறியாளரான ஜான் ஸ்மீட்டனே, இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைச் செய்யக் கருவியும் இல்லை, கைத்தேர்ச்சி உள்ள வேலையாட்களும் இல்லை என்று கருதினார்.

வாட் குடும்பத்தைக் காப்பாற்றக் கால்வாய் அளக்கும் வேலைக்குப் போனார். ரோபக்கின் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது, கடனும் ஏறியது. 1773-இல் அவர் திவாலானார். அதே ஆண்டு, வாட் வடக்கே கால்வாய்ப் பாதை அளந்துகொண்டிருந்தபோது வீட்டில் அவர் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துபோனார்.

ரோபக்குக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் பர்மிங்காம் அருகே சோஹோவில் பட்டறை வைத்திருந்த போல்டன். பட்டன், கொக்கி, வெள்ளிச் சாமான் செய்பவர். அவருக்கு வரவேண்டியது 1,200 பவுண்டு. அதற்குப் பதிலாக எஞ்சின் காப்புரிமையில் ரோபக்கின் பங்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மற்ற கடன்காரர்கள் அந்தப் பங்குக்குச் செல்லாக்காசு மதிப்புகூடப் போடவில்லை. போல்டனுக்கு இதில் நெடுநாள் ஆசை. கோடையில் தண்ணீர் வற்றி அவர் பட்டறையின் நீர்ச்சக்கரம் நின்றுவிடும். ரோபக் முன்பு அவரிடம் மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் எஞ்சின் செய்யும் உரிமை தருவதாகச் சொன்னபோது, மூன்று மாவட்டத்துக்குச் செய்வது எனக்குக் கட்டுப்படியாகாது, உலகம் முழுக்கச் செய்வதென்றால் கட்டுப்படியாகும் என்று 1769-இல் வாட்டுக்கு எழுதியவர் அவர்.

1774-இல் வாட் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். காப்புரிமையில் எட்டே ஆண்டுகள்தான் மிச்சம். போட்ட பணத்தை எடுக்க அது போதாது. நாடாளுமன்றத்தில் முட்டிமோதி 1775-இல் தனிச் சட்டமாகவே 1800 வரை நீட்டிப்பு வாங்கினார்கள். கூட்டும் அதே 25 ஆண்டுகளுக்கு. பங்கு போல்டனுக்கு மூன்றில் இரண்டு, வாட்டுக்கு மூன்றில் ஒன்று. செலவு முழுக்கப் போல்டனுடையது.

சிலிண்டர் பிரச்சினையைத் தீர்த்தவர் மூன்றாவது ஆள்: இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன். பீரங்கிக் குழாய் கடைவதற்கு அவர் 1774-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். அதிலிருந்து சிலிண்டருக்கென்று ஒரு எந்திரம் வடிவமைத்தார். கடையும் தண்டு சிலிண்டரின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவந்து, இரண்டு பக்கமும் தாங்கலில் நிற்கும். தண்டு தொய்யாது, வெட்டும் உளி வளையாது. டிப்டன் எஞ்சினுக்கு அவர் கடைந்த 50 அங்குல சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிப்பளவுகூட எங்கும் பிழை இல்லை என்று போல்டன் எழுதினார். 1776-இல் ஓடிய முதல் இரண்டு எஞ்சின்களில் ஒன்று டிப்டனில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு, மற்றது வில்கின்சனின் இரும்பு உருக்கும் ஊதுலைக்கே.

சரி, எஞ்சின் ஓடிவிட்டது. இதற்கு என்ன விலை வைப்பது? அடக்க விலையோடு லாபம் வைத்து விற்றால் பதினோரு ஆண்டுச் செலவு தேறாது. ஒரேயடியாகப் பெரிய தொகை கேட்டால், ஓடுமா என்றே தெரியாத சாமானை யார் வாங்குவார்? அதனால் இப்படிப் பேசினார்கள்: இதே வேலைக்குப் பழைய எஞ்சின் எவ்வளவு கரி தின்னும், இது எவ்வளவு தின்கிறது, இரண்டுக்குமான வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கின் விலை எங்களுக்கு, இரண்டு பங்கு உங்களுக்கு. உதாரணத்துக்கு, பழைய எஞ்சின் 100 மூட்டை எரித்த இடத்தில் புதியது 40 மூட்டை எரித்தால் மிச்சம் 60. அதில் 20 மூட்டையின் விலை கட்டணம். கரி மலிவான ஊரில் இந்தத் தொகை ஒன்றுமே இல்லை. கரி விலை ஏறிய ஊரில்தான் இரண்டு பேருக்கும் லாபம்.

அப்படிப்பட்ட ஊர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால். செம்பும் வெள்ளீயமும் ஆழத்தில் கிடந்தன, கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அங்கேதான் கூட்டாளிகளின் எஞ்சின்கள் வேகமாகப் பரவின. எத்தனை அடி அடித்தது என்று தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று தெரியும், அதிலிருந்து கரியைக் கணக்கிடலாம். அதற்காக உத்தரத்தின் மேல் பூட்டிய பெட்டிக்குள் ஒரு எண்ணியைப் பொருத்தினார் வாட். உத்தரம் ஆடும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு ஊசல் சாய்ந்து பல்சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும்.

அளவீட்டில் இவ்வளவு நேர்த்தி இருந்தும் மனத்தாங்கல் வளர்ந்தது. இதில் நான் சுரங்கக்காரர்களை ஓரளவு புரிந்துகொள்கிறேன். பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டு ஐந்து வருடம் ஆனபின், அது தின்ற கரி யார் கண்ணிலும் இல்லை. கண்ணெதிரே இருப்பது வருடாவருடம் வரும் பில் மட்டும். எஞ்சினுக்கான இரும்பு, செங்கல், மரம் எல்லாம் தாங்கள் வாங்கியது. பிறகு எதற்குக் கப்பம் என்று கேட்டார்கள். பல இடங்களில் கணக்கை விட்டுவிட்டு ஒரு நிலையான ஆண்டுத் தொகைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிலும் செம்பு விலை விழுந்தபோது பணம் நின்றது. வேல்ஸ் கரையோரத் தீவான ஆங்கில்ஸியில் பாரிஸ் மலையில் மேலாகவே வெட்டி எடுத்த மலிவான செம்பு சந்தைக்கு வந்து கார்ன்வால் சுரங்கங்களை நசுக்கியது. கட்டணம் வருவது நிற்கக் கூடாதே என்று போல்டனும் வாட்டும் அந்தச் சுரங்கங்களிலேயே பங்கு வாங்கினார்கள்.

போல்டனின் நிலையும் சுகமில்லை. வெள்ளிச் சாமான் தொழிலில் நஷ்டம். சொத்துகளை விற்றார், எஞ்சின் கட்டண வருமானத்தையே அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கினார். வாட்டுக்கு இது தூக்கத்தைக் கெடுத்தது. கணக்குத் தீர்ப்பதையும் பேரம் பேசுவதையும்விடக் குண்டு நிரப்பிய பீரங்கி முன் நிற்பது மேல் என்று சொன்ன மனிதர் அவர். நாள்பட்ட தலைவலி வேறு. போல்டன் சளைக்கவில்லை. லண்டனிலும் மான்செஸ்டரிலும் பர்மிங்காமிலும் மக்கள் நீராவி ஆலைப் பித்துப் பிடித்துத் திரிகிறார்கள் என்று 1781-இல் எழுதி, சக்கரம் சுழற்றும் எஞ்சின் செய்யச் சொல்லி வாட்டை நெருக்கினார்.

மேலும் கீழும் ஆடும் உத்தரத்தைச் சுழற்சியாக்க எளிய வழி கிராங்க் என்ற வளைந்த தண்டு. ஆனால் எஞ்சினில் அதைப் பயன்படுத்த ஜேம்ஸ் பிக்கார்ட் 1780-இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். அவரிடம் இறங்கிப் போக வாட் விரும்பவில்லை. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் இன்னொரு பல்சக்கரம் என்ற சூரியன்-கோள் அமைப்பு 1781-இல் வந்தது அதனால்தான். அடுத்து, பிஸ்டனை இரண்டு பக்கமும் மாறிமாறித் தள்ளும் எஞ்சின் 1782-இல் வந்தது.

இப்போது கட்டணம் எப்படிப் போடுவது? மதுபான ஆலைக்காரரும் நூற்பாலைக்காரரும் பழைய எஞ்சின் வைத்திருந்தவர்கள் இல்லை, மிச்சத்தை எதோடு ஒப்பிடுவது? அவர்களில் பலரிடம் இருந்தது செக்குபோலச் சுற்றும் குதிரைகள். எனவே ஒரு குதிரையின் வேலையை அளந்தார் வாட். 24 அடி விட்டமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று, இழுப்பு 180 பவுண்டு எடை என்று வைத்துப் பெருக்கி, முழு எண்ணாக்கி, நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓரடி தூக்குவது ஒரு குதிரைத்திறன் என்றார். சாதாரணக் குதிரை நாள் முழுக்க இவ்வளவு இழுக்காது. வாங்கியவருக்குக் கொஞ்சம் தாராளமான அளவுதான். ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு, லண்டனில் 6 பவுண்டு. நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் 5 எச்.பி. என்று எழுதியிருக்கிறதே, அந்த அளவு பிறந்தது இந்தக் கட்டண அட்டவணைக்காக.

இதற்கிடையே காப்புரிமையைச் சுற்றிச் சண்டை முற்றியது. ஜொனாதன் ஹார்ன்புளோவர் 1781-இலேயே இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். அதிலும் நீராவியைக் குளிரவைக்கும் தனிப் பாத்திரம் இருந்ததால் வாட்டின் காப்புரிமை வழி மறித்தது. கூட்டாளிகளிடமே வேலை பார்த்த எட்வர்ட் புல், சிலிண்டரைச் சுரங்க வாய்க்கு நேர்மேலே கவிழ்த்து வைத்து எஞ்சின்கள் கட்டினார். 1793-இல் அவர்மேல் வழக்கு. வாட்டின் காப்புரிமை ஆவணத்தில் படமே இல்லை, நீராவிச் செலவைக் குறைக்கும் முறை என்று பொதுவாக எழுதியிருந்தது. ஒரு கொள்கைக்குக் காப்புரிமை தரலாமா என்பதே கேள்வி. 1795-இல் நான்கு நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள். தீர்ப்பு இல்லை என்றதும் கார்ன்வாலில் பலர் பணம் கட்டுவதை நிறுத்தினார்கள்.

அதே காலத்தில் இன்னொரு அடி. வில்கின்சன் சகோதரர்களுக்குள் சண்டை வந்து, ஜான் பல ஆண்டுகளாகக் கட்டணம் கட்டாமல் திருட்டுத்தனமாக வாட் எஞ்சின்கள் செய்துவந்தது வெளியே வந்தது. சிலிண்டர் கொடுத்து எஞ்சினை ஓடவைத்த கையே அது. இதன்பின் போல்டனும் வாட்டும் தங்கள் மகன்களைச் சேர்த்துக்கொண்டு, ஸ்மெத்விக்கில் சோஹோ வார்ப்பாலையை 1796-இல் திறந்தார்கள். முழு எஞ்சினையும் ஒரே இடத்தில் செய்யத் தொடங்கியது அப்போதுதான்.

1799 ஜனவரியில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது, பாக்கிகள் வசூலாயின. மறு ஆண்டே காப்புரிமையும் கூட்டும் ஒன்றாகக் காலாவதியாயின. அதுவரை அவர்கள் வடிவமைத்த எஞ்சின்கள் சுமார் 500. கரி மலிவான இடங்களில் நியூகோமன் எஞ்சின்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.

கார்ன்வால் சுரங்கக்காரர்கள் அதன்பின் தங்கள் சொந்தப் பொறியாளர்களை நம்பினார்கள். ரிச்சர்ட் டிரெவிதிக் போன்றவர்கள், வாட் ஆபத்து என்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியை எடுத்துக்கொண்டார்கள். 1811 முதல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் மாதாமாதம் ஒவ்வொரு எஞ்சினும் எவ்வளவு கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார். பூட்டிய பெட்டியில் எடுத்த அதே மாதிரிக் கணக்கு, இப்போது எல்லோர் பார்வைக்கும். யார் எஞ்சின் சிறந்தது, என்ன மாற்றம் செய்தார் என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். 1840-களுக்குள் அங்கே ஓடிய நல்ல எஞ்சின்கள், ஒரே அளவு கரியில் வாட் எஞ்சினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தண்ணீரை இறைத்தன.