ராஜ்தூத் 350-ஐக் கழற்றும் முன்: கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ஃபிரேமில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புத்தகத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் இருக்கும் எஞ்சின் நம்பரையும் அப்படியே. இரண்டின் மேலும் தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். எப்.சி. காட்டப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் பார்ப்பது இந்த இரண்டு நம்பரைத்தான். ஃபிரேமை மணல் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் போடுகிறவர்கள் நம்பர் இருக்கும் இடத்தை மறைக்காமல் விட்டுவிடுவார்கள். பிளாஸ்டிங்கில் எழுத்தின் ஓரம் மழுங்கும், மேலே பவுடர் நிரம்பும், கடைசியில் எட்டா மூன்றா என்று தெரியாது. அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு சுற்று டேப் போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் மெல்லிய பிரைமரும் கையால் அடித்த பெயின்டும் போதும்.

களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வாங்கிய கே.எல். வண்டி என்றால், அங்கிருந்து தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை ஒரு போல்டையும் தொடாதீர்கள். நாகர்கோவிலின் டி.என். 74, மார்த்தாண்டத்தின் டி.என். 75 எதற்கு மாற்றினாலும் வண்டியை நேரில் காட்ட வேண்டும். டப்பா டப்பாவாகக் கிடக்கும் வண்டியை யாரும் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டார்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். "விண்டேஜ் வண்டிதானே, அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம். 2021-ல் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிக்குத்தான். ஜப்பானில் யமஹா ஆர்.டி. 350 வந்தது 1973-ல் என்றாலும், எஸ்கார்ட்ஸ் அதை இங்கே ராஜ்தூத் 350 என்று இறக்கியது 1983-ல். 2033 வரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

டேங்க் ஸ்டிக்கரைப் பார்த்து விலை பேசுவதும் வீண். முதலில் வந்த ஹை டார்க் மாடல் 30.5 குதிரைத்திறன், பிறகு வந்த லோ டார்க் மாடல் 27. ஸ்டிக்கர் ஒட்ட பத்து நிமிஷம் போதும்.

இனி வேலை. பட்டறைக்கு வரும் பாதிக் கழற்றிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே வரிசைதான்: முதலில் பெயின்ட், அப்புறம் குரோம், அப்புறம் சீட், கடைசியில் எஞ்சின். எஞ்சினுக்கு வரும்போது பணம் தீர்ந்திருக்கும். "ஓடுதே, அப்படியே மாட்டிரலாம்" என்பார்கள். கொளச்சலிலோ முட்டத்திலோ பத்து வருடம் திண்ணையில் நின்ற டூ-ஸ்ட்ரோக்கை அப்படியே மாட்டினால், ஐந்நூறு கிலோமீட்டருக்குள் ஒரு பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும். காரணம் கீழே வருகிறது.

கழற்றும்போது முதல் சண்டை ஸ்க்ரூவோடு. ஜப்பான்காரர்களின் பிளஸ் ஸ்க்ரூ நம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவருக்கான ஸ்க்ரூ அல்ல, அது ஜிஸ் என்ற வேறு அளவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிலிப்ஸின் முனை ஜிஸ் பள்ளத்தின் அடிவரை இறங்காது. இறுக்கித் திருப்பினால் ஏறி வெளியே வந்து தலையைத் தின்றுவிடும். பல ஜிஸ் ஸ்க்ரூக்களின் தலையில் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். மூன்றாம் நம்பர் ஜிஸ் பிட் ஒன்று, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று, இவ்வளவுதான் வேண்டும். இதை வாங்காமல் கிளட்ச் கவரில் கை வைக்காதீர்கள்.

கடற்காற்றில் நின்ற வண்டியில் அலுமினியக் கேஸுக்குள் இரும்பு ஸ்க்ரூ வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கும். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்ததன் மிச்சம் அந்தப் பொடி. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்த கையோடு திருப்பினால் ஸ்க்ரூ முறியும். காலையும் மாலையும் அடித்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் ஹீட் கன்னால் கேஸைச் சூடாக்குங்கள், தண்ணீர்த்துளி சுருங்கும் சூடு போதும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். இதற்குப் பதிலாகக் கேஸ் வெல்டிங் தீயை நேராகக் காட்டக் கூடாது. கேஸ் கோணிவிட்டால் அதை நிமிர்த்த முடியாது.

திரும்பி மாட்டும்போது எல்லோரும் ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்டுக்கு மாறுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் குமரி மாவட்டக் காற்றில், அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போனால் மரையை அரிப்பது இன்னும் வேகமாக நடக்கும். ஒவ்வொரு மரைக்கும், அது இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவாமல் ஏற்றக் கூடாது. தடவினால் இறுக்கும் விசையைச் சற்றுக் குறைத்து இறுக்குங்கள், பேஸ்ட் வழுக்கும்.

எந்தப் போல்டு எந்தத் துளைக்கு என்பதை நினைவில் வைக்க முயலாதீர்கள். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்தத் துளையிலேயே போல்டைக் குத்தி வையுங்கள். நீளமான போல்டு குட்டைத் துளைக்குப் போனால் உள்ளே முட்டி, கேஸ் வெடிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ.

இடது பக்கம் டைனமோ ரோட்டரைக் கழற்ற அதற்குரிய புல்லர் போல்டு இருக்கிறது. சுத்தியல் வேண்டவே வேண்டாம். இந்த கிராங்க், துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. ஓரத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் பிளைவீல் அச்சிலிருந்து விலகும். லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே வைத்து டயல் கேஜ் பிடித்தால் 0.05 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. கனெக்டிங் ராடின் மேல்முனையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 2 மி.மீ. தாண்டினால் ராடின் கீழ்முனை பேரிங்கான பிக் எண்ட் முடிந்தது.

ஆர்.டி.யின் கிராங்க்கேஸ் மேல் கீழாகப் பிரியும். ஆர்.எக்ஸ். 100 போல இடம் வலமாக அல்ல. அதனால் எஞ்சினைக் கவிழ்த்து வைத்துத்தான் கீழ்ப்பாதியைத் தூக்க வேண்டும். சேர்க்கும்போது பேக்கிங் கிடையாது, மெல்லிய லிக்விட் கேஸ்கெட் மட்டும். கிராங்க் பேரிங்கில் இருக்கும் பின்கள் மேல்பாதியின் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உட்காராமல் இறுக்கினால் கேஸ் வீண்.

இப்போது அந்த ஐந்நூறு கிலோமீட்டர் விஷயத்துக்கு வருவோம். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் ஒரு பம்ப். பெட்ரோல் கலந்த காற்றை அது இழுத்து, அழுத்தி, மேலே அனுப்புகிறது. அந்தப் பம்பை அடைத்து வைத்திருப்பவை இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள். பழைய சீலின் உதட்டை நகத்தால் மடக்கிப் பாருங்கள். புதியது வெற்றிலை மாதிரி மடங்கி நிமிரும். பத்து வருடம் நின்றது பப்படம் மாதிரி நொறுங்கும், இல்லையென்றால் கிராங்க் மேல் இரண்டாக வெட்டு விழுந்து கிடக்கும். டைனமோ பக்கச் சீல் போனால் அந்த வழியாக வெறும் காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு, இடது பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். அதற்கு முன்பே வண்டி சொல்லும்: ஐடிலிங் தானாக ஏறும், த்ராட்டிலை விட்ட பிறகும் சத்தம் தாமதமாக இறங்கும், இடது பிளக் மட்டும் வெளுத்திருக்கும். பல மெக்கானிக்குகள் இதைக் கார்ப்ரேட்டர் கோளாறு என்று எடுத்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு. கியர் ஆயில் உள்ளே இழுபடும், கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ஆயில் குறையும், வலது சைலன்சர் மட்டும் ஓயாமல் புகைவிடும்.

எஞ்சினைச் சேர்த்ததும் காற்றுச் சோதனை செய்யாமல் ஃபிரேமில் ஏற்றாதீர்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டாம், டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் மீட்டரும் பந்தும் போதும். பழைய டியூப் ரப்பரை வெட்டி இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் தகடு வைத்து இறுக்குங்கள். கார்ப்ரேட்டர் வரும் வாய்களையும் அடையுங்கள். ஒரு பிளக் துளையில் பிளக், மற்றதில் மீட்டரின் குழாய். நடுவில் இரண்டு சிலிண்டரையும் பிரிப்பது முழுதாக அடைக்காத லாபிரிந்த் சீல் என்பதால், இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் சோதிக்க வேண்டும். 300 மி.மீ. வரை ஏற்றினால் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. ஆறு நிமிஷம் முள் நின்றால் சரி. இறங்கினால் சோப்பு நுரையைத் தடவுங்கள், எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொண்டு இதைச் செய்யக் கூடாது, புதுச் சீலின் உதடே புரண்டுவிடும். கொளச்சல் பக்கம் வல்லத்து அவுட்போர்டு எஞ்சின் பார்ப்பவர்கள் சீலின் அருமை அறிந்தவர்கள். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் நகரத்துப் பெரிய கடையைவிட அவரிடம் போவது நல்லது.

சிலிண்டர் போர் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54, இரண்டும் சேர்ந்து 347 சிசி. ரீபோர் செய்ய 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. பிஸ்டனை வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்து சிலிண்டரைத் தோண்டச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பித் தோண்டினால் இடைவெளி தப்பும். இதைவிட அதிகம் தவறுவது ஒன்று இருக்கிறது. போரிங் முடிந்ததும், சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட்களின் ஓரம் பிளேடு மாதிரி நிற்கும். அந்த ஓரத்தைச் சின்ன அரத்தாலும் எமரியாலும் மழுக்கிவிட வேண்டும். விரலை உள்ளே விட்டு மேலும் கீழும் தடவினால் எங்கும் கீறக் கூடாது. மழுக்காவிட்டால் ரிங் போர்ட்டில் மாட்டி முறியும், முறிந்த துண்டு மேலே போய்த் தலையைக் கொத்தும். ஃபோர்-ஸ்ட்ரோக் மட்டுமே பார்த்துப் பழகிய லேத்துகளில் இந்த வேலை பெரும்பாலும் விட்டுப்போகும். கேட்டு வாங்குங்கள். பிஸ்டன் பின் லாக்குகளைப் புதிதாகவே போடுங்கள், பழையது ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கும், ஒரு சிலிண்டரைத் தின்னும்.

இக்னிஷன் டைமிங் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி. பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் பாயிண்டுகளில் முதலாவதை அளந்து வைத்துவிட்டு அடுத்ததைக் கண்ணால் வைப்பது ஊரெங்கும் நடக்கிறது. பிளக் துளையில் டயல் கேஜ் இறக்கி, பாயிண்ட் திறக்கும் கணத்தைச் சின்ன பல்பில் பார்த்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஆக்சிஜன் சேர்ந்த எரிபொருள், அதனால் பழைய ஜெட்டிலேயே கலவை வறளும். பிளக் நிறம் பார்த்து மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்ற வேண்டிவரலாம். அது நம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்ப்ரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்கக் கொடுக்கும்போது, காலியான டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியத் தண்ணீர் நிரப்பிய பிறகே கருவியை அருகில் கொண்டுவர வேண்டும்.

பிளாஸ்டிங்குக்குக் கடல் மணல் அள்ளி வரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மணலின் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் தோரியம் கலந்த மோனசைட்டும் உண்டு. பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த கார்னெட் பொடியாக வாங்குங்கள், முகமூடியோடு அடியுங்கள். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கம்ப்ரசரால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

பவுடர் கோட்டிங் போடும்போது எர்த் வயர் மாட்டும் இடமும் எஞ்சின் மவுண்ட் முகங்களும் வெறும் இரும்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் லைட் மினுங்குவதற்கும் ஹாரன் முனகுவதற்கும் காரணம் தேடி ஒரு வாரம் போகும். ஃபிரேம் குழாய்களுக்குள் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். இங்கே துரு உள்ளேயிருந்துதான் வெளியே வருகிறது. பெயின்ட் அடிக்க ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல நாள். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் அடித்த லாக்கர் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும்.

முதல் டேங்குக்கு, எஞ்சினுக்கு ஆயிலைத் தானாக அனுப்பும் ஆட்டோலூப் பம்பில் காற்று முழுதாகப் போகும்வரை, லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து விடுங்கள். பம்பை எடுத்துவிட்டுக் கலந்தே ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச்சிப்பாறை மலைப்பாதையில் இறங்கும்போது த்ராட்டிலை மூடி எஞ்சின் பிரேக்கில் விட்டால் பெட்ரோல் நிற்கும், அதோடு ஆயிலும் நிற்கும், பிஸ்டனோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளட்சைப் பிடித்து த்ராட்டிலை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்குங்கள்.