தோப்பில் கிடக்கும் குஞ்சு அநாதை இல்லை

மழை பிடித்துவிட்டால் போதும், பழனி அடிவாரத்துக் கால்நடை மருத்துவர்களான எங்களிடம் அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். உள்ளே கறுப்பும் வெள்ளையுமான குஞ்சுகள். பிடரியைச் சுற்றி ஒரு வெளிர்க்கோடு. "தோப்புல தனியா கெடந்துச்சு சார், தாயைக் காணோம்."

தாய் இருந்திருக்கும், தகப்பனும்தான். இவை சீழ்க்கைச் சிறகிக் குஞ்சுகள். ஆயக்குடி, பாலசமுத்திரம் பக்கக் குளங்களில் நெட்டைக் காலோடு நிற்கிற அந்தச் செம்பழுப்பு வாத்துதான். சீமையிலிருந்து வந்த பறவை என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, இங்கேயே இருப்பது. பகலில் கூட்டமாக ஓய்ந்திருக்கும், இருட்டியதும் சீழ்க்கையடித்தபடி வயலுக்கு மேயப் போகும்.

கூடு பெரும்பாலும் மரப்பொந்தில், சில சமயம் தென்னையின் கொண்டையில். 7 முதல் 12 முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி 22 முதல் 24 நாள் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுகள் அங்கிருந்து அப்படியே குதித்துவிடும். எடையே இல்லாத தூவி உடம்பு, அடிபடாது. பிறகு தாயும் தகப்பனும் அவற்றைத் தரைவழியே தண்ணீருக்கு நடத்திப் போகும். அந்த நேரத்தில் ஆளோ நாயோ குறுக்கே வந்தால் பெரியவை எழும்பித் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தும். குஞ்சுகள் புல்லில் பதுங்கும். நம் கண்ணில் படுவது அந்தப் பதுங்கல்தான். நீங்கள் அங்கேயே நிற்கும்வரை பெரியவை இறங்காது. நாயைக் கட்டிவிட்டு, தள்ளிப்போய் ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

நிஜமாகவே அடிபட்டதா, குளிர்ந்து துவண்டுவிட்டதா? உலர்ந்த துணி போட்ட பெட்டியில் கதகதப்பாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பால், ரொட்டி வேண்டாம். வாத்துக்குஞ்சுதானே என்று வாளித் தண்ணீரில் விடுகிறார்கள் பாருங்கள், என்னிடம் வரும் குஞ்சுகளில் பல சாவது அதனால்தான். தாயின் அணைப்பு இல்லாத குஞ்சின் தூவி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உடம்பு விறைத்துவிடும். வீட்டு வாத்தோடு சேர்த்து அடைப்பதும் கூடாது, நோய் இரண்டு பக்கமும் தொற்றும். வளர்க்கலாமே என்று ஆசைப்படுபவர்களுக்கு: 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

தோப்புக்காரர்களுக்கு ஒன்று. காய் பறிக்க ஏறுபவர் கொண்டையில் முட்டை இருக்கிறது என்றால், பன்னாடையைக்கூடக் கழிக்காமல் இறங்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மரத்துக் குலையை அடுத்த பறிப்பில் எடுத்துக்கொள்ளலாம்.