"நான் செஞ்ச பாவமா இது?" என்று நோயாளி கேட்டால்

புற்றுநோய் வார்டிலும் டயாலிசிஸ் பிரிவிலும் இந்தக் கேள்வி சகஜம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க மாட்டார்கள். இரவுப் பணி நர்ஸிடம் கேட்பார்கள், வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றும் தன்னார்வலரிடம் கேட்பார்கள். வேலூரில் பேரணாம்பட்டு பாயும் காட்பாடி சிஎஸ்ஐ சபை அம்மாவும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். பதில் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரு மார்க்கம் தெரியும், இன்னொன்று அரைகுறை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டபோது, இவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-ல் இருக்கிறது. கிறிஸ்தவ நோயாளிக்கு அந்த ஒரு வசனமே போதும். முஸ்லிம் நோயாளிக்கு ஆறுதல் வேறு வாசல் வழியாக வரும். களைப்பு, நோய், கவலை, காலில் தைக்கும் முள் வரைக்கும், ஒரு முஸ்லிமின் பாவங்களில் சிலவற்றை அல்லாஹ் அதைக்கொண்டு அழிக்கிறான் என்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் (நபிமொழி).

இந்த ஹதீஸைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். "வலி தாங்கினா பாவம் கழியும்ல" என்று சிலர் மார்ஃபின் மாத்திரையைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிடுவார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்ன ஹதீஸையும் கூடவே சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னால் எடுபடும். வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இந்த வட்டாரத்து ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். கத்தோலிக்கர்களிலும் வலியை ஒப்புக்கொடுக்கிறேன் என்பவர்கள் உண்டு. வலி மருந்து எடுப்பதில் தவறில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்துவது இதைவிட ஆபத்து. சிறுநீரகம் மாற்றியவர் மருந்தை விட்டால் உடம்பு அந்த உறுப்பை ஏற்காமல் தள்ளிவிடும். "விசுவாசம் குறைவு" என்ற பழி வேறு அவர் தலையில் விழும்.

அடிப்படை வித்தியாசம் ஆதாமில் இருக்கிறது. பவுல் எழுதிய ரோமர் 5-ன்படி ஒரே மனுஷனால் பாவம் உலகத்துக்குள் வந்தது, மரணம் எல்லாருக்கும் பரவியது. அதனால்தான் மீட்பர் தேவைப்படுகிறார், சிலுவை மையமாகிறது. குர்ஆனில் ஆதமும் துணைவியும் மன்னிப்புக் கேட்கிறார்கள் (7:23), ஆதமின் தவ்பாவை (பாவமன்னிப்பு தேடுதலை) அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் (2:37). விஷயம் அதோடு முடிந்தது, பிள்ளைகளுக்கு வாரிசாக எதுவும் வரவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). ஆகவே "உங்க பாவத்தையெல்லாம் இயேசு சுமந்துட்டார், கவலைப்படாதீங்க பாய்" என்பது அவருக்கு ஆறுதலாகாது. வார்டில் அது மதம் மாற்றுகிற பேச்சாகத்தான் கேட்கும். அதேபோல, "எவ்வளவு தர்மம் பண்ணியிருக்கீங்க, அது போதும்மா" என்று சிஎஸ்ஐ அம்மாவிடம் சொன்னாலும் தப்பு. கிருபையினாலே, கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2-ஐ மனப்பாடமாகச் சொல்பவர் அவர். இஸ்லாத்தில் வெறும் கணக்குதான் என்றும் நினைக்க வேண்டாம். அமல் (நற்செயல்) மட்டும் யாரையும் சொர்க்கத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் (கருணை) வேண்டும் என்பதும் ஹதீஸ்தான்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது, பலரும் விட்டுவிடுவது, மனிதருக்குச் சேர வேண்டிய பாக்கி. தவ்பாவுக்கு மூன்று நிபந்தனை: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது. அடுத்தவர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அவரிடமே மன்னிப்பு வாங்க வேண்டும். "பாய், யாருக்காச்சும் குடுக்க வேண்டியது மனசுல இருக்கா?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். ஆம்பூர் தோல் வியாபாரத்தில் வாங்கிய கைமாற்று வரும், மனைவிக்கு இன்னும் கொடுக்காத மஹர் (மணக்கொடை) வரும். மஹரும் கடன்தான். பெயர், தொகை, போன் நம்பர் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இறந்தவர் சொத்தில் முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் (உயில்), அப்புறம்தான் வாரிசுப் பங்கு. டயாலிசிஸில் இருப்பவர் நோன்பு விட்டதை நினைத்து அழுதால், தீராத நோயாளிக்கு, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா (பரிகாரம்) உண்டு. அளவை ஹஜ்ரத்திடம் கேட்கட்டும்.

கத்தோலிக்கருக்கு முக்கியம் நேரம். பாவசங்கீர்த்தனத்துக்கு (ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) நோயாளி நினைவோடு இருக்க வேண்டும். ஃபாதர் வந்தால் அப்பா பயந்துடுவார் என்று பிள்ளைகள் தள்ளிப்போடுவார்கள், அதற்குள் வென்டிலேட்டர் போட்டாயிற்று. நோயில்பூசுதல் (நோயாளிக்கு ஃபாதர் எண்ணெய் பூசும் சடங்கு) சாகப்போகிறவருக்கு மட்டும் என்ற நினைப்பு பழைய 'அவஸ்தைப்பூசுதல்' காலத்தது. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். முஸ்லிம் வீட்டிலும் இதே தயக்கம் உண்டு. ஆனால் மரணம் வந்து நின்றபின் செய்யும் தவ்பா ஏற்கப்படாது (குர்ஆன் 4:18). ஆகவே, கெட்ட செய்தி சொன்ன அதே வாரத்திலேயே "ஃபாதரை, சபை ஆயரை, ஹஜ்ரத்தைப் பார்க்கணுமா?" என்று நோயாளியிடமே கேட்டுவிடுங்கள். மகனிடம் கேட்டால் வேண்டாம் என்பார்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில், ஆதாமின் பாவம் பிள்ளைகளுக்கு வருமா என்ற வித்தியாசம் மணிக்கணக்கில் முடிவாகிவிடும். முஸ்லிம் குழந்தை பாவமில்லாமல் பிறக்கிறது, எந்தச் சடங்கும் பாக்கியில்லை. உயிரோடு பிறந்து இறந்தால் பெயர், குளிப்பாட்டல், கஃபன் (அடக்கத் துணி), ஜனாஸா (இறுதித்) தொழுகை. சீக்கிரம் அடக்க வேண்டியிருப்பதால் இறப்புச் சான்றுத் தாள்களை முதலில் தயார் செய்யுங்கள். கத்தோலிக்கப் பெற்றோர் திருமுழுக்குக் கேட்பார்கள். திருமுழுக்கு இல்லாமல் இறந்த குழந்தைக்கும் மீட்பின் நம்பிக்கை உண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007-ல் எழுதியிருக்கிறது. அதைச் சொல்லிக் காலம் கடத்த வேண்டாம். அவசரத்தில் ஃபாதர் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பெற்றோர் கேட்டால் மட்டும். சில சொட்டுத் தண்ணீர் நெற்றியில் ஓடும்படி ஊற்றி, பெயர் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொன்னால் போதும். இன்குபேட்டரில் இருந்தால் ஸ்டெரைல் தண்ணீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், கொடுத்தவர் பெயரை எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். பங்குப் பதிவேட்டில் ஏற்ற அது வேண்டும்.